கோர்கள் நிறைய, கம்பைல் மெதுவாக: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எட்டு கோர், பதினாறு கோர் இருந்தும் சி, சி++ மென்பொருள் கம்பைல் ஆக (எழுதிய கோடு இயங்கும் நிரலாக மாற) மணிக்கணக்கில் எடுத்தால், பெரும்பாலும் குறை சிபியுவில் இல்லை. எங்கே அடைப்பு என்று பார்க்காமல் -ஜே எண்ணை (ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்வது) ஏற்றிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்வது. பாதி நேரம் அதுவே கணினியை இன்னும் மெதுவாக்கும்.

இங்கே சொல்வது லினக்ஸ், ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர், மேக் அல்லது நிஞ்சா (கம்பைல் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் கருவிகள்) கொண்டு பில்டு செய்பவர்களுக்கு. விண்டோஸுக்குத் தனித் தலைப்பு உண்டு. கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றின் சொந்த எழுத்தில் தட்டுங்கள். கோடு, எண், சமக்குறி எல்லாம் அப்படியே.

## எதையும் மாற்றும் முன் ஒரு கணக்கு

முதலில் ‘என்பிராக்’ என்று தட்டுங்கள். கணினியில் எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் வேலை ஓடக்கூடிய தடம்) என்று சொல்லும். 8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பழைய பில்டை முழுக்க அழித்துவிட்டு ‘டைம் மேக் -ஜே8’ ஓட்டுங்கள். சிகேஷ் (முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்துத் திரும்பத் தரும் கருவி) பயன்படுத்துபவர்கள் இந்த ஒரு முறை மட்டும் ‘சிகேஷ்_டிஸேபிள்=1’ வைத்து அதை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

முடிவில் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று நேரம் வரும். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ரியலால் வகுங்கள். சராசரியாக எத்தனை த்ரெட் உண்மையில் உழைத்தது என்பது அந்த எண். ரியல் 20 நிமிடம், யூசர் 21, சிஸ் 1 என்றால் 22 வகுத்தல் 20, அதாவது 1.1. எட்டில் ஏழு சும்மா இருந்திருக்கின்றன.

விடை 1க்கு அருகில் என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். 3, 4 என்று நடுவில் நின்றால் ‘கோர்கள் பாதி சும்மா இருக்கின்றன’ என்ற தலைப்பு. 7க்கு மேல் வந்தும் நேரம் அதிகம் என்றால் கோர்கள் ஒழுங்காகவே வேலை செய்கின்றன, வேலைதான் அதிகம். ‘எல்லா கோரும் 100 சதவீதம்’ என்ற தலைப்புக்குத் தாவுங்கள். பில்டு முடியவே இல்லை, நடுவில் செத்துவிடுகிறது என்றால் கணக்கு போட வேண்டியதில்லை. பிழைச் செய்தியைப் பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு கோர் மட்டும் ஓடுகிறது

### -ஜே கொடுக்கவே இல்லை

மேக் தானாக இணையாக ஓடாது. -ஜே சொல்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஒரே வேலை. நிஞ்சா அப்படியில்லை, பெரும்பாலான கணினிகளில் த்ரெட் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அத்தனை வேலைகளைத் தானாகவே கிளப்பும். அதனால் நிஞ்சாவிலிருந்து மேக்குக்கு வருபவர்கள் இதை மறந்துவிடுவது சகஜம்.

சிமேக் (மேக், நிஞ்சாவுக்கான பில்டு கோப்புகளை உருவாக்கும் கருவி) வழியாக ஓட்டினால் ‘சிமேக் --பில்டு . --பேரலல் 8’. இது சிமேக் 3.12 முதல் உண்டு. ஒவ்வொரு முறையும் தட்ட அலுப்பாக இருந்தால் ஷெல் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஃபிளாக்ஸ்=-ஜே8’, ‘சிமேக்_பில்டு_பேரலல்_லெவல்=8’ இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் கருவிகள் பெரும்பாலும் உங்கள் ஷெல் அமைப்பை மதிக்காது. டெபியன் வகையில் ‘டெப்_பில்டு_ஆப்ஷன்ஸ்=பேரலல்=8’; ஆர்ச் வகையில் மேக்பிகேஜி.கான்ஃப் கோப்பில் மேக்ஃபிளாக்ஸ் வரி.

### -ஜே8 கொடுத்தும் ஒன்றுதான் ஓடுகிறது

திரையில் ‘ஜாப்சர்வர் அன்அவெய்லபிள்: யூஸிங் -ஜே1’ என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் காரணம் உறுதி. மேல் மேக்ஃபைல் (மேக்குக்கான விதிகள் எழுதிய கோப்பு) துணை டைரக்டரிக்குள் இன்னொரு மேக்கை அழைக்கிறது. அந்த இடத்தில் ‘மேக்’ என்று வெறும் கட்டளைப் பெயராக எழுதியிருக்கிறார்கள். அதை ‘$(மேக்)’ என்ற மாறியாக, பெரிய எழுத்தில் மாற்றுங்கள். அந்த மாறி இருந்தால்தான் மேல் மேக் தன் வேலைச் சீட்டுகளைக் கீழ் மேக்குடன் பகிர்ந்துகொள்ளும். ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக அழைத்தால் அந்த ரெசிப்பி (விதியின் கீழ் உள்ள கட்டளை) வரியின் முன்னால் கூட்டல் குறி இடுங்கள்.

உள்ளே ‘மேக் -ஜே8’ என்று எண்ணோடு எழுதி வைப்பது இதற்குத் தீர்வு ஆகாது. நான்கு துணை டைரக்டரிகள் ஒரே நேரத்தில் ஓடினால் 32 வேலைகள் கிளம்பும். கணினி உறைவதற்கு அதுவே போதும்.

எச்சரிக்கை இல்லை என்றால் மேக்ஃபைலில் ‘.நாட்பேரலல்’ என்ற வரியைத் தேடுங்கள். யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டால் பெரும்பாலும் ‘-ஜே போட்டால் உடைகிறது’ என்ற தலைப்பில் வந்து நிற்பீர்கள். வைத்தவருக்கு அப்போது அவசரம் இருந்திருக்கும்.

துணை டைரக்டரிகளை ஷெல்லின் ஃபார் சுழற்சியில் ஒவ்வொன்றாக அழைக்கும் மேக்ஃபைல்களும் உண்டு. அங்கே ஒரு டைரக்டரிக்குள் மட்டுமே இணையாக ஓடும், டைரக்டரிகளுக்கு இடையே ஓடாது. ஒவ்வொரு டைரக்டரியையும் தனி டார்கெட்டாகப் (மேக் உருவாக்க வேண்டிய இலக்கு) பிரித்து எழுத வேண்டும். சிறிய திட்டம் என்றால் அரை நாள் வேலை.

## அறிகுறி: கணினி உறைகிறது, அல்லது ‘கில்டு’ என்று சாகிறது

‘கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்’ என்றோ, ‘எல்டி டெர்மினேட்டட் வித் சிக்னல் 9’ என்றோ வந்தால் கோடில் பிழை தேட வேண்டாம். ரேம் தீர்ந்து கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) அந்தக் கம்பைலரையோ லிங்கரையோ கொன்றிருக்கிறது. ‘டிமெசேஜ்’ வெளியீட்டின் கடைசியில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கும். பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

### வேலைகள் அளவுக்கு மீறி ஓடுகின்றன

‘மேக் -ஜே’ என்று எண் இல்லாமல் தட்டினீர்களா? எண் இல்லாவிட்டால் வரம்பு இல்லை என்று பொருள். ஆயிரம் கோப்புகள் தயாராக இருந்தால் ஆயிரம் கம்பைலர்கள் ஒன்றாகக் கிளம்பும்.

எண் கொடுத்தும் இப்படி ஆனால் த்ரெட்டை மறந்து ரேமை எண்ணுங்கள். சாதாரண சி கோப்புக்கு ஒரு வேலைக்குச் சில நூறு எம்பி போதும். டெம்ப்ளேட் நிறைந்த சி++ என்றால் ஒரு வேலை 1 முதல் 2 ஜிபி வரை சாதாரணமாகத் தின்னும், சில கோப்புகள் அதையும் தாண்டும். மொத்த ரேமில் இயங்குதளத்துக்கும் உலாவிக்கும் 3 ஜிபி ஒதுக்குங்கள். மிச்சத்தை ஒரு வேலையின் தேவையால் வகுங்கள். 16 ஜிபி ரேம், வேலைக்கு 2 ஜிபி என்றால் 6 வேலை. கணினியில் 16 த்ரெட் இருந்தாலும் அங்கே -ஜே6தான் வேகம். -ஜே16 ஸ்வாப்பில் (ரேம் போதாமல் டிஸ்க்கை ரேமாக வைத்து ஓடுவது) மூழ்கும்.

உங்கள் கோடுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று ஊகிக்க வேண்டாம். ‘/யூஎஸ்ஆர்/பின்/டைம் -வி மேக் -ஜே2’ என்று முழுப் பாதையோடு ஓட்டுங்கள் (ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் டைம் இதைச் சொல்லாது). கடைசியில் வரும் ‘மேக்ஸிமம் ரெசிடெண்ட் செட் சைஸ்’ எண், ஓடியவற்றிலேயே மிகப் பெரிய ஒரே புரோகிராம் எடுத்த ரேம், கிலோபைட்டில். எல்லா கோப்பும் அவ்வளவு எடுக்காது. அதனால் அதை மேல் வரம்பாக மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

### கம்பைல் எல்லாம் முடிகிறது, லிங்க்கில் சாகிறது

லிங்க் என்பது கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாக இணைப்பது. பெரிய திட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். டீபக் தகவலோடு லிங்க் செய்யும்போது ஒரு லிங்கரே பல ஜிபி எடுக்கும். கடைசிக் கட்டத்தில் பல பைனரிகள் ஒரே நேரத்தில் லிங்க் ஆனால் ரேம் போய்விடும். இதற்காக மொத்த -ஜே எண்ணைக் குறைப்பது வீண். கம்பைல் கட்டமும் சேர்ந்து மெதுவாகும். நிஞ்சாவில் பூல் வசதி உண்டு: சிமேக்கில் ‘ஜாப்_பூல்ஸ்’ என்ற பண்பில் லிங்க்குக்கு 2 இடம் கொண்ட பூல் ஒன்றை வரையறுத்து, ‘சிமேக்_ஜாப்_பூல்_லிங்க்’ மாறியில் அதன் பெயரை இடுங்கள். கம்பைல் 16 ஆக ஓடும், லிங்க் மட்டும் இரண்டிரண்டாக. எல்எல்விஎம் பில்டு செய்பவர்களுக்கு இதற்கென்றே ‘எல்எல்விஎம்_பேரலல்_லிங்க்_ஜாப்ஸ்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது.

அதோடு டீபக் தகவலைக் குறையுங்கள். -ஜி க்குப் பதில் -ஜி1 வைத்தால் பேக்டிரேஸுக்குப் போதுமானது கிடைக்கும். முழு டீபக் வேண்டுமென்றால் ‘-ஜிஸ்பிளிட்-ட்வார்ஃப்’. டீபக் தகவல் தனிக் கோப்புக்குப் போய்விடுவதால் லிங்கரின் சுமை குறையும்.

### பில்டு டைரக்டரி டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது

வேகத்துக்காகப் பில்டை ரேமில் வைப்பவர்கள் கவனிக்க: அங்கே எழுதப்படும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் ரேமைத்தான் பிடிக்கிறது. சில டிஸ்ட்ரோக்களில் /டிஎம்பி தானாகவே டிஎம்பிஎஃப்எஸ்ஸாக இருக்கும். ‘டிஎஃப் -எச் /டிஎம்பி’ பாருங்கள். எஸ்எஸ்டி இருந்தால் டிஎம்பிஎஃப்எஸ்ஸால் கிடைக்கும் லாபம் பொதுவாகச் சொற்பம். அந்த ரேமைக் கம்பைலருக்கு விட்டுவிடலாம்.

### எண் சரிதான், ஆனாலும் மவுஸ்கூட நகரவில்லை

பில்டை ‘நைஸ் -என் 19’ உடன் ஓட்டுங்கள். மற்றவர்களும் பயன்படுத்தும் சர்வர் என்றால் ‘-எல்8’ சேர்த்தால் லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 8ஐத் தாண்டும்போது மேக் புதிய வேலைகளைக் கிளப்பாமல் காத்திருக்கும். லோட் ஆவரேஜ் தாமதமாகவே மாறும் என்பதால் இது முரட்டுக் கடிவாளம்தான்; -ஜே எண்ணுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து -ஜே2இலேயே ஒரு கோப்பு ரேமைத் தின்றால், ரேம் வாங்குவதா கோப்பை உடைப்பதா என்ற கேள்வி வரும். ஒரே ஒரு கோப்பு என்றால் அதை எழுதியவரிடம் கொண்டுபோங்கள். பத்துக்கு மேல் என்றால் ரேம் வாங்குவது மலிவு.

## அறிகுறி: தனியாக ஓட்டினால் முடிகிறது, -ஜே போட்டால் உடைகிறது

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அல்லது அதே சில இடங்களில் உடைகிறதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் மேக்ஃபைலில் சார்பு விடுபட்டிருக்கிறது. எங்கெங்கோ உடைந்தால், அதுவும் ‘இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று வந்தால், இந்தத் தலைப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சார்புப் பிழையைப் பிடிக்கும் வரிசை:

1. பல வேலைகளின் செய்திகள் கலந்து வருவதால் பதிவைப் படிக்க முடியாது. ‘மேக் -ஜே8 -ஓ’ என்று, பெரிய எழுத்து ஓ கொடுத்தால் ஒவ்வொரு டார்கெட்டின் வெளியீடும் சேர்ந்து வரும். ஜிஎன்யூ மேக் 4.0 முதல் உண்டு.
2. பதிவில் முதல் பிழையைத் தேடுங்கள். கடைசியில் தெரிவது அதன் விளைவுகள்.
3. ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று ஒரு ஹெடர் பெயரோடு வந்தால், அந்த ஹெடர் பில்டின்போது உருவாக்கப்படுவதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆம். அதை உருவாக்கும் விதிக்கும், அதைச் சேர்த்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட் கோப்புக்கும் நடுவே சார்பு எழுதப்படவில்லை. தனியாக ஓடும்போது எழுதிய வரிசையில் நடந்ததால் தப்பித்தது.
4. டைரக்டரி இல்லை என்று வந்தால் ஆப்ஜெக்ட் விதிகளுக்கு அந்த டைரக்டரியை, செங்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம், வரிசைக்கு மட்டுமான சார்பாகச் சேருங்கள்.
5. கோப்பு பாதி எழுதப்பட்டதுபோல் விசித்திரமான சின்டாக்ஸ் பிழைகள் வந்தால், ஒரே ரெசிப்பி இரண்டு கோப்புகளை உருவாக்குகிறதா என்று பாருங்கள். பைசன் ஒரு சி கோப்பும் ஒரு ஹெடரும் தரும். ‘ஏ பி: சி’ என்று எழுதினால் மேக் அதை இரண்டு தனி விதியாக எடுத்துக்கொண்டு ரெசிப்பியை ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓட்டும், இரண்டும் ஒரே கோப்பின் மேல் எழுதும். மேக் 4.3 முதல் ‘ஏ பி &: சி’ என்று எழுதினால் குழுவாக ஒரே முறை ஓடும்.

எப்போதாவது மட்டும் உடைகிற வகைதான் எரிச்சலானது. மேக் 4.4இல் ‘--ஷஃபிள்’ வந்திருக்கிறது. சார்புகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டும். மறைந்திருக்கும் பிழை சீக்கிரம் வெளிவரும். உடைந்தால் எந்த விதை எண்ணில் உடைந்தது என்று சொல்லும். அதே எண்ணை ‘--ஷஃபிள்=எண்’ என்று கொடுத்தால் அதே வரிசையை மீண்டும் வரவழைக்கலாம். ‘--ஷஃபிள்=ரிவர்ஸ்’ ஒரு முறை ஓட்டினாலே பாதிப் பிழைகள் அகப்படும்.

‘மேக் -ஜே8 || மேக் -ஜே1’ என்று ஸ்கிரிப்டில் எழுதி ஒப்பேற்றுவது பரவலாக இருக்கிறது. ஐந்தாவது வகைப் பிழையில் இது ஆபத்து: பாதி எழுதப்பட்ட கோப்பு டிஸ்க்கில் புதிய நேர முத்திரையோடு இருக்கும், இரண்டாவது மேக் அதை முடிந்ததாகவே எண்ணும். ‘.டெலீட்_ஆன்_எரர்’ என்ற வரியையாவது மேக்ஃபைலில் சேருங்கள். தோற்ற ரெசிப்பியின் டார்கெட்டை மேக் அழித்துவிடும்.

பிழை உங்கள் கோடில் இல்லாமல் வேறொருவரின் நூலகத்தில் இருந்தால் அதை மட்டும் -ஜே1இல் பில்டு செய்துவிட்டு, விதை எண்ணோடும் முதல் பிழையோடும் அதன் பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். அந்த இரண்டும் இல்லாத புகாரை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் கம்பைலர் நொறுங்குகிறது

ஒரு முறை இந்தக் கோப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட், அடுத்த முறை அது தாண்டி வேறொன்றில். அதே கோப்பை மறுபடி கம்பைல் செய்தால் முடிகிறது. இது மென்பொருள் பிழையின் நடத்தை அல்ல. கம்பைலர் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே மாதிரி நடக்கும். மாறினால் ஹார்டுவேர் சந்தேகம்.

செலவில்லாததிலிருந்து: பயாஸில் ஓவர்கிளாக், ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு எல்லாவற்றையும் அணைத்து இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வெப்பநிலை பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் கெட்டதுதான். ‘ஒன்றுதானே’ என்று விடாதீர்கள். எந்தக் குச்சி என்று அறிய ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

ரேம் நன்றாக இருந்தும் தொடர்ந்தால் சிபியு. இது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2017இல் வந்த முதல் ரைசன் சில்லுகளில் ஒரு பகுதி, லினக்ஸில் கடுமையான இணைக் கம்பைலின்போது இப்படித்தான் நொறுங்கியது. ஏஎம்டி ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி நிலைகுலையும் கோளாறு வெளிவந்தது. மைக்ரோகோடு திருத்தங்கள் பயாஸ் மேம்படுத்தல் வழியாக வந்தன, உத்தரவாதக் காலமும் நீட்டிக்கப்பட்டது. அந்தத் தலைமுறைச் சில்லு உங்களிடம் இருந்தால் மற்ற எதையும் செய்யும் முன் பயாஸை மேம்படுத்துங்கள். ஏற்கெனவே சேதமான சில்லைத் திருத்தம் மீட்காது. அப்போது உத்தரவாதத்தில் மாற்றுவது ஒன்றே வழி.

இந்த நிலையில் பில்டான எதையும் வெளியிடாதீர்கள். நொறுங்காமல் போன கோப்புகளிலும் ஒரு பிட் புரண்டிருக்கலாம்.

## அறிகுறி: கோர்கள் பாதி சும்மா இருக்கின்றன

இன்னொரு டெர்மினலில் ‘விஎம்ஸ்டாட் 2’ ஓடவிட்டுப் பில்டைத் தொடங்குங்கள். பார்க்க வேண்டியவை நான்கே நெடுவரிசை: ஆர், எஸ்ஐ–எஸ்ஓ ஜோடி, டபிள்யூஏ, ஐடி.

எஸ்ஐ, எஸ்ஓ சுழியமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்வாப். ரேம் தலைப்புக்குத் திரும்புங்கள்.

டபிள்யூஏ தொடர்ந்து 10, 20 என்று நின்றால் டிஸ்க். சுழலும் ஹார்டு டிஸ்க்கோ, நெட்வொர்க் டைரக்டரியோ இருந்தால் பில்டு டைரக்டரியை மட்டுமாவது உள்ளூர் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். மூலக் கோடு நெட்வொர்க்கில் இருந்தால் ஒவ்வொரு ஹெடரையும் தேடும்போதும் போய்வர வேண்டும். நூறு இன்குளூட் பாதைகள் இருந்தால் ஒரு ஹெடருக்கு நூறு தேடல்கூட நடக்கலாம்.

ஆர் 1இலேயே நின்று, ஐடி மிக உயர்ந்து, டபிள்யூஏவும் இல்லை என்றால் வேலை வரிசையாகவே நடக்கிறது. எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள்.

தொடக்கத்தில் என்றால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். அது இயல்பிலேயே ஒவ்வொன்றாகச் சோதிக்கும், -ஜே அதைத் தொடாது. ஆட்டோகான்ஃப் வகையில் ‘-சி’ (பெரிய எழுத்து) கொடுத்தால் விடைகளைச் சேமித்து அடுத்த முறை எடுத்துக்கொள்ளும். கம்பைலரையோ ஃபிளாக்குகளையோ மாற்றினால் அந்தக் கேஷ் கோப்பை அழிக்க மறக்காதீர்கள்.

நடுவில் என்றால், ஒரு நூலகம் லிங்க் ஆகும்வரை அடுத்த நூலகத்தின் கோப்புகள் கம்பைல் ஆகாமல் காத்திருக்கும் அமைப்பு. மேக்ஃபைல் சார்ந்த சிமேக் பில்டுகளில் இது அதிகம். நிஞ்சாவுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்: ‘சிமேக் -ஜி நிஞ்சா’ (ஜி பெரிய எழுத்து), புதிய பில்டு டைரக்டரியில்.

கடைசியில் என்றால் இரண்டில் ஒன்று. எல்லாம் முடிந்து ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாமதமாகத் தொடங்கியதால் தாமதமாக முடிகிறது. நிஞ்சா 1.12 முதல் நீண்ட பாதையில் இருப்பதை முன்னால் எடுக்கப் பார்க்கும், மேம்படுத்துங்கள். மேக்கில் அந்தக் கோப்பை டார்கெட் பட்டியலில் முதலில் எழுதுங்கள். அற்பமாகத் தோன்றும் இந்த மாற்றம் சில நிமிடங்களைக் குறைக்கும்.

இன்னொன்று லிங்கர். ஜிஎன்யூ எல்டியின் வழக்கமான வடிவம் ஒரே த்ரெட்டில் ஓடும். ‘-ஃபியூஸ்-எல்டி=எல்எல்டி’ அல்லது ‘-ஃபியூஸ்-எல்டி=மோல்டு’ என்று லிங்க் ஃபிளாக்கில் சேர்த்தால் பல த்ரெட்டில் லிங்க் ஆகும். மோல்டு பெயரை ஜிசிசி 12 முதல் புரிந்துகொள்ளும். தனிப்பட்ட லிங்கர் ஸ்கிரிப்ட் கொண்ட திட்டங்களில், குறிப்பாக எம்பெடட் வகையில், இவை சரிவராமல் போகலாம். அங்கே எல்டியோடு இருங்கள். எல்டிஓ (லிங்க் நேரத்தில் கோடை மேம்படுத்துவது) போட்டிருந்தால் ‘யூஸிங் சீரியல் கம்பைலேஷன் ஆஃப்... எல்டிரான்ஸ் ஜாப்ஸ்’ என்ற எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். வெறும் ‘-எஃப்எல்டிஓ’ இருக்கும் இடத்தில் ‘-எஃப்எல்டிஓ=ஆட்டோ’ எழுதுங்கள். கிளாங் என்றால் ‘-எஃப்எல்டிஓ=தின்’. அன்றாடம் எழுதிச் சோதிக்கும் பில்டுக்கு எல்டிஓ எதற்கு என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ளலாம்.

## அறிகுறி: ஒரு வரி மாற்றினால் எல்லாமே மறுபடி கம்பைல் ஆகிறது

கோர்களைக் கூட்டுவதைவிட இதைச் சரிசெய்வதில் லாபம் அதிகம். நாளொன்றுக்கு ஒரு முழு பில்டும் ஐம்பது சிறு பில்டும் ஓட்டுகிறோம். கவனமோ முழு பில்டின் மேலேயே இருக்கிறது.

எதையும் மாற்றாமல் இரண்டாவது முறை பில்டு செய்யுங்கள். ஏதாவது ஓடினால் கோளாறு இருக்கிறது. ஏன் ஓடியது என்று கேளுங்கள்: நிஞ்சாவில் ‘நிஞ்சா -டி எக்ஸ்பிளெயின்’ (டீபக்கின் முதல் எழுத்து), மேக்கில் ‘மேக் --டிரேஸ்’. எந்தக் கோப்பு எதைவிடப் புதியது என்று நேராகச் சொல்லிவிடும்.

அடிக்கடி அகப்படும் குற்றவாளி, ஒவ்வொரு பில்டிலும் புதிதாக எழுதப்படும் வெர்ஷன் ஹெடர். உள்ளே இருக்கும் கிட் ஹாஷ் மாறாவிட்டாலும் நேர முத்திரை மாறுகிறது. தற்காலிகக் கோப்பில் எழுதி, ‘சிஎம்பி -எஸ்’ கொண்டு பழையதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் நகர்த்துங்கள். அந்த ஹெடரை எல்லோரும் சேர்க்காமல் ஒரே ஒரு சி கோப்பு மட்டும் சேர்த்து, ஃபங்ஷன் வழியாகப் பதிப்பு எண்ணைத் தருவது இன்னும் நல்லது.

‘கிளாக் ஸ்கியூ டிடெக்டட்’ என்று வந்தால் கணினிக்கும் கோப்பு சர்வருக்கும், அல்லது விஎம்முக்கும் அதன் ஹோஸ்ட்டுக்கும் கடிகாரம் பொருந்தவில்லை. இரண்டிலும் என்டிபி ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு முறை முழுக்க அழித்துப் பில்டு செய்துவிடுங்கள், எதிர்கால முத்திரை கொண்ட கோப்புகள் இன்னும் கிடக்கும்.

கிட்டில் வேறு கிளைக்குப் போய்த் திரும்பினால் இடையில் மாறிய கோப்புகளுக்கெல்லாம் புதிய முத்திரை விழும். கிளைக்கு ஒரு ‘கிட் வொர்க்ட்ரீ’, வொர்க்ட்ரீக்கு ஒரு பில்டு டைரக்டரி. டிஸ்க் இடம் போகும், நேரம் மிஞ்சும்.

## அறிகுறி: எல்லா கோரும் 100 சதவீதம், இருந்தும் நேரம் போகிறது

கோர்கள் தங்கள் வேலையைச் செய்கின்றன. இனி வேலையைக் குறைக்க வேண்டும்.

முதலில் சிகேஷ். சிமேக்கில் ‘சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர்_லாஞ்சர்=சிகேஷ்’ என்று ஒரு வரி. இரண்டு முறை முழு பில்டு ஓட்டி ‘சிகேஷ் -எஸ்’ பாருங்கள். இரண்டாம் முறை ஹிட் எண்ணிக்கை உயராவிட்டால்: கேஷின் உச்ச அளவு இயல்பாக 5 ஜிபி, பெரிய திட்டம் அதற்குள் அடங்காமல் பழையதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், ‘சிகேஷ் -எம் 25ஜி’ (எம் பெரிய எழுத்து) கொடுங்கள். கோடில் ‘__டைம்__’ மேக்ரோ இருந்தால் எடுங்கள். வேறு வேறு டைரக்டரிகளில் -ஜி உடன் பில்டு செய்தால் பாதையும் ஹாஷில் சேர்வதால் ஹிட் ஆகாது. ‘பேஸ்_டிர்’ அமைத்து ‘ஹாஷ்_டிர்’ஐ அணையுங்கள். லிங்க் கட்டத்தை சிகேஷ் தொடாது.

அடுத்து, எந்தக் கோப்பு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கிளாங்கில் ‘-எஃப்டைம்-டிரேஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரு ஜேசன் கோப்பு வரும். குரோம் உலாவியின் டிரேஸிங் பக்கத்தில் திறக்கலாம். ஜிசிசியில் கம்பைல் செய்பவர்களும் இந்த ஒரு சோதனைக்காகக் கிளாங்கை நிறுவிக்கொள்வது தகும். நூறு கோப்பிலும் அதே கனமான ஹெடர் தெரிந்தால் அதை முன்கம்பைல் செய்யுங்கள்: சிமேக் 3.16 முதல் ‘டார்கெட்_பிரீகம்பைல்_ஹெடர்ஸ்’. அதில் அடிக்கடி மாறாத ஹெடர்களை மட்டும் போடுங்கள். தினமும் மாறும் ஒன்றைப் போட்டால் முந்தைய தலைப்பின் நோயை நீங்களே வரவழைக்கிறீர்கள். யூனிட்டி பில்டும் அதே பதிப்பில் வந்தது, இயல்பாக எட்டெட்டு கோப்புகளை ஒன்றாக்கும். முழு பில்டு பாய்ந்து ஓடும். ஆனால் சிறு மாற்றத்துக்கும் எட்டு கோப்பு மறுகம்பைல் ஆகும், வேறு வேறு கோப்பில் ஒரே பெயர் கொண்ட ஸ்டேட்டிக் மாறிகள் மோதும். சிஐ (சர்வரில் தானாக ஓடும்) பில்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதன் பிறகே டிஸ்ட்சிசி போல, கம்பைல் வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்வது. எல்லாக் கணினியிலும் ஒரே கம்பைலர் பதிப்பு, குறைந்தது கிகாபிட் நெட்வொர்க், அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியல் மூன்றும் வேண்டும். அதன் 3632 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அணுக முடிந்த யாரும் உங்கள் கணினியில் கட்டளை ஓட்டலாம். ப்ரீபிராசஸிங்கும் லிங்க்கும் உங்கள் கணினியிலேயே நடப்பதால், லிங்க்தான் அடைப்பு என்றால் பத்துக் கணினி சேர்த்தும் பயனில்லை.

## அறிகுறி: முதல் சில நிமிடம் வேகம், பிறகு தொய்வு

வெப்பம். ‘வாட்ச்’ உடன் ‘கிரெப் எம்எச்இசட் /பிராக்/சிபியுஇன்ஃபோ’ ஓடவிட்டு அதிர்வெண் இறங்குகிறதா பாருங்கள். பக்கத்தில் ‘சென்ஸர்ஸ்’. 95, 100 டிகிரியில் நின்றபடி அதிர்வெண் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். லேப்டாப் என்றால் முதலில் சார்ஜரைச் செருகுங்கள், ‘பவர்புரொஃபைல்ஸ்சிடிஎல் செட் பெர்ஃபாமன்ஸ்’ கொடுங்கள், காற்றுத் துளையை மறைக்காமல் வையுங்கள். அடுத்து விசிறியின் தூசி. தெர்மல் பேஸ்ட் மாற்றுவது டெஸ்க்டாப்பில் நீங்களே செய்யலாம். உத்தரவாதம் உள்ள லேப்டாப்பைத் திறக்காமல் சேவை மையத்திடம் கொடுங்கள். அதுவரை -ஜே எண்ணை நான்கில் மூன்று பங்காகக் குறைத்துப் பாருங்கள். மெல்லிய லேப்டாப்புகளில் மொத்த நேரம் ஏறக்குறைய மாறாது, சத்தமும் சூடும் குறையும்.

## அறிகுறி: சொந்தக் கணினியில் வேகம், கன்டெய்னரில் அல்லது விஎம்மில் மெதுவாக

கன்டெய்னருக்கு 2 சிபியு மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். உள்ளே என்பிராக் பெரும்பாலும் ஹோஸ்ட்டின் (கன்டெய்னரைத் தாங்கும் கணினி) த்ரெட் எண்ணிக்கையை, 64 என்று வைத்துக்கொள்வோம், சொல்லும். ஸ்கிரிப்ட் அதை நம்பி 64 வேலை கிளப்பும், இரண்டு சிபியுவில் 64ம் அடித்துக்கொள்ளும், ரேமும் தீரும். ‘/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிபியு.மேக்ஸ்’ கோப்பைப் படியுங்கள். ‘200000 100000’ என்றால் முதலாவதை இரண்டாவதால் வகுத்து 2. அதே இடத்தில் ‘சிபியு.ஸ்டாட்’ கோப்பில் ‘என்ஆர்_திராட்டில்டு’ ஏறிக்கொண்டே போனால் வரம்பில் முட்டுகிறீர்கள். ஸ்கிரிப்டில் எண்ணை நேரடியாக எழுதிவிடுங்கள்.

விஎம்மில் விஎம்ஸ்டாட்டின் கடைசிப் பக்கம் உள்ள ‘எஸ்டி’ நெடுவரிசை தொடர்ந்து உயர்ந்திருந்தால் ஹோஸ்ட் உங்கள் நேரத்தை மற்ற விஎம்களுக்குக் கொடுக்கிறது. உள்ளிருந்து எதுவும் செய்ய முடியாது. அந்த எண்ணோடு சர்வர் நிர்வாகியிடம் போங்கள்.

## அறிகுறி: விண்டோஸில் மட்டும் இழுக்கிறது

எம்எஸ்பில்டுக்கு ‘-எம்’ கொடுக்காவிட்டால் ஒரு புராஜெக்ட்தான் ஒரு நேரத்தில். ஒரு புராஜெக்ட்டுக்குள் கோப்புகள் இணையாக ஓட ‘/எம்பி’ தனியாக வேண்டும். இரண்டையும் வரம்பில்லாமல் போட்டால் 8 பெருக்கல் 8 என்று 64 கம்பைலர் கிளம்பலாம். ‘/எம்பி4’, ‘-எம்:2’ போல எண் கொடுத்துப் பெருக்குத்தொகையைத் த்ரெட் அளவில் வையுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் ஆன்டிவைரஸ் செயலி ஒரு கோரைப் பிடித்துக்கொண்டு நின்றால், பில்டு டைரக்டரியை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பதிவிறக்க டைரக்டரியையோ முழு டிரைவையோ சேர்க்க வேண்டாம். அலுவலகக் கணினியில் அந்த அனுமதி உங்களுக்கு இருக்காது, ஐடி பிரிவிடம் பாதையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். விண்டோஸ் 11இல் டெவ் டிரைவ் என்ற தனிப் பகிர்வு உருவாக்கினால் நம்பகமான டிரைவாக அது குறிக்கப்பட்டிருக்கும்வரை டிஃபெண்டர் அங்கே கோப்பைத் திறந்த பிறகு ஸ்கேன் செய்யும், திறப்பதைத் தடுத்து நிறுத்தாது.

டபிள்யூஎஸ்எல்2 பயன்படுத்துபவர்களுக்கு ஒரே சோதனை: கோடு ‘/எம்என்டி/சி’ கீழ் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு கோப்பும் இரு இயங்குதளத்தின் எல்லையைக் கடந்து வருகிறது. லினக்ஸ் பக்கத்து ஹோம் டைரக்டரியில் கிட் குளோன் செய்து அங்கேயே பில்டு செய்யுங்கள்.